பனங்காய்ப் பாட்டு

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கும் தங்கப்பாண்டியன், இடைசெவலுக்குக் கிழக்கே இருந்த அந்தச் சின்ன ஊருக்குள் தன் வெள்ளைக் காரைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, சீனித்தாய் வாசலில் உட்கார்ந்து அடுப்புக்குப் பருத்திமார் ஒடித்துக்கொண்டிருந்தாள். ஆடி மாதக் காற்று கரிசல் புழுதியை வாரி இறைத்தது. அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டே இறங்கினார்.

“யக்கா, என்னைத் தெரியுதா?”

தெரியாமல் என்ன. அவருடைய அப்பா பெருமாள்சாமி முதலாளியின் ஆபீஸில்தான், கல்யாணமான புதிதில் அவள் வேலை பார்த்தாள். அப்போது இந்த மனிதர் டவுசர் போட்ட பையன்.

“வாங்க மொதலாளி” என்று எழுந்து சேலையை உதறினாள்.

அவர் உட்காரவில்லை. வந்த விஷயத்தைச் சொன்னார். கார்கில் சண்டையில் கயத்தாறு பக்கத்துப் பையன் ஒருவன் செத்துப்போயிருந்தான். மாரிச்சாமி என்று பேர். பேப்பரில் படம் வந்திருந்தது. அவன் பெண்டாட்டிக்கு உதவுவதற்காகக் கோவில்பட்டி வியாபாரிகள் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு விழா நடத்துகிறார்கள். அவர்தான் கமிட்டித் தலைவர்.

“தையல் மெஷின் குடுக்கோம். மெல்லிசைக் குழு வருது. ஆனா சனம் கூடணும்னா நம்ம மண்ணுப் பாட்டு ஒண்ணு வேணும்லா? எழுபத்தொண்ணுல நீங்க பாடுன பனங்காய்ப் பாட்டு எனக்கு இன்னைக்கும் காதுல கேக்கு. அதை நீங்களே வந்து பாடணும்.”

வேப்பமரத்தடியில் ஆட்டுக்கு இலைக்குழை கட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் மாடக்கண்ணு, பாட்டின் பேரைக் கேட்டதும் கயிற்றைக் கீழே போட்டார். ஓடைப் பக்கம் நடந்துபோனார்.

சீனித்தாய் போகிறவரைப் பார்த்தாள். பிறகு முதலாளியிடம் திரும்பி, “வாரேன்” என்றாள்.

அந்தப் பாட்டை அவள் ஆபீஸில் உட்கார்ந்துதான் கட்டினாள். கிழக்கு வங்காளத்தில் சண்டை தொடங்கி, மாடக்கண்ணுவின் பட்டாளம் அங்கே போயிருந்த சமயம். கடுதாசி வரவில்லை. அவளைப் போலப் புருஷனையோ அண்ணன் தம்பியையோ பட்டாளத்துக்கு அனுப்பிவிட்டு இருந்த பெண்கள் அந்த ஆபீஸில் நிறையப் பேர். காலையில் வந்து வரிசையாக உட்கார்ந்து, மரக்கட்டைகளில் தீக்குச்சிகளை அடுக்கத் தொடங்குவார்கள். யாரும் யாரிடமும் பேசமாட்டார்கள். மேஸ்திரி ரேடியோ வைத்தால் எல்லாக் கையும் நின்றுவிடும். செய்தி முடிந்ததும் யாராவது ஒருத்தி மூக்கைச் சிந்துவாள். அதோடு அடுத்தவளுக்கும் அழுகை வரும்.

அப்படி ஒரு நாள், எதற்கென்று தெரியாமல், சீனித்தாய் வாய்விட்டுப் பாடினாள்.

“ஆத்தோரம் பனைமரமாம் அணியணியா நிக்குதடி
அடிச்ச காத்து வேகத்துல அத்தனையும் ஆடுதடி
எம்புருசன் வச்ச குறி எதிரி தல உருளுதடி
பழுத்த பனங்காயாத் தொப்புத் தொப்புன்னு விழுகுதடி”

‘தொப்பு’ வந்த இடத்தில் கையிலிருந்த கட்டையைத் தரையில் தட்டினாள். பக்கத்தில் இருந்த பாண்டியம்மாளும் தட்டினாள். இரண்டாவது தடவை பாடும்போது ஆபீஸ் முழுக்கத் தட்டியது. சிரிப்பு வந்துவிட்டது எல்லோருக்கும். எத்தனையோ நாளாக வயிற்றில் கட்டிக்கிடந்த பயம் ஒரு நொடி அவிழ்ந்த மாதிரி இருந்தது. அன்றைக்கு மத்தியானம் பாண்டியம்மாள் தூக்குவாளிக் கஞ்சியை மிச்சமில்லாமல் குடித்தாள்.

நாளுக்கு ஒரு அடி கூடியது. ஆபீஸ் விட்டுப் போகும் பெண்கள் பஸ்ஸில் பாடினார்கள். தெருவில் பிள்ளைகள் பாடினார்கள். பெருமாள்சாமி முதலாளி சன்னல் பக்கம் நின்று கேட்டுவிட்டு, “நல்லாப் பாடுங்கம்மா, வேலையும் ஓடுது” என்று சொல்லிவிட்டுப் போவார்.

சண்டை ஜெயித்து, மாடக்கண்ணு லீவில் வந்தார். ஆபீஸ் முற்றத்தில் பந்தல் போட்டு, முதலாளி அவர் கழுத்தில் ரோஜா மாலை போட்டார். பெண்கள் எல்லோரும் வட்டமாக நின்றார்கள். சீனித்தாய் புருஷன் முகத்தைப் பார்த்துக்கொண்டே பாடினாள். இதெல்லாம் உங்களுக்காகக் கட்டியது என்று அவருக்குத் தெரியவேண்டும் என்ற ஆசை அவளுக்கு. மூன்றாவது ‘தொப்பு’க்குக் கட்டைகள் விழுந்தபோது மாடக்கண்ணு வாயைப் பொத்திக்கொண்டு சுவர் ஓரமாக ஓடினார். மாலையோடு குனிந்து வாந்தி எடுத்தார். ரோஜாப்பூவெல்லாம் நனைந்தது.

“ரயில்ல வந்தது சேரல” என்றார் எல்லோரிடமும்.

வீட்டுக்கு வந்ததும் அவளிடம் ஒன்று மட்டும் சொன்னார். “இனிமே அந்தப் பாட்டப் பாடாத.”

ஏன் என்று அவள் கேட்கவில்லை. பொம்பளை நாலு பேர் முன்னால் பாடியது பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். அந்த வாந்தி தன்மேல் எடுத்தது போலவே அவளுக்கு இருந்தது. அதற்குப் பிறகு அவள் எந்தப் பாட்டையும் பாடவில்லை. நடவு, களையெடுப்பு, ஊர்க் கோயில் கொடை விழா, சொந்தக்காரர் வீட்டுத் தாலாட்டு, எதற்கும் வாய் திறக்கவில்லை. கேட்டவர்களிடம் தொண்டை கட்டிப்போச்சு என்றாள். உள்ளே ஒரு கோபம் மட்டும் பல வருஷம் அப்படியே கிடந்தது. அதனால்தான் தங்கப்பாண்டியனிடம் உடனே வாரேன் என்றாள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது மாடக்கண்ணு, “போறியா?” என்றார்.

“ஆமா. ஒரு பிள்ளை தாலி அறுத்துட்டு நிக்கி. அவளுக்காகத்தான.”

“போறதுன்னா போ” என்று கையைக் கழுவினார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒத்திகை. தங்கப்பாண்டியனின் ஆபீஸ் குடோனில் மெல்லிசைக் குழுக்காரர் விஜயராஜ் கீபோர்டோடு உட்கார்ந்திருந்தார். பெரிய கடைவீதியில் கேசட் கடை வைத்திருப்பவர். சுகுணா என்று ஒரு பாடகிப் பெண், மைக் பிடித்துப் பழகியவள், சீனித்தாய் பாடப் பாடப் பேப்பரில் எழுதிக்கொண்டாள். தொண்டை முதலில் கரகரத்தது. பிறகு பிடித்துக்கொண்டது. தன் குரல் இன்னும் உள்ளேதான் இருந்திருக்கிறது என்று தெரிந்ததும் சீனித்தாய்க்குக் கண் நிறைந்தது.

“பிரமாதம் ஆத்தா” என்றார் விஜயராஜ். “ஒரே ஒரு சேஞ்சு. ‘எம்புருசன் வச்ச குறி’ வேண்டாம். ‘மாரிச்சாமி வச்ச குறி’ன்னு போடுவோம். கேசட்டும் அடிக்கப்போறோம்லா.”

சீனித்தாய் பதில் சொல்லுமுன் இரண்டு பேர் ஒரு சாக்கைச் சுமந்து வந்து தரையில் கொட்டினார்கள். பனங்காய்கள். கறுத்துப் பழுத்த காய்கள். ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்டால் இரண்டு கண்ணும் சிவப்பால் ஒரு வாயும் வரைந்திருந்தார்கள். சிலதுக்கு மீசையும் இருந்தது.

“எப்படிக்கா நம்ம ஐடியா?” என்றார் தங்கப்பாண்டியன். “ஒவ்வொரு ‘தொப்பு’க்கும் மேலேருந்து ரெண்டு ரெண்டா விழும். மேடையில உருண்டு ஓடும். சனம் விசிலடிச்சுக் கெடக்கும்.”

ஒருவன் காயைத் தூக்கிப் போட்டுக் காண்பித்தான். காய் உருண்டுபோய்ச் சுவரில் முட்டி, கண் மேலே பார்க்க நின்றது. நாலைந்து பேர் சிரித்தார்கள். பெயின்ட் வாடையும் பனம்பழ வாடையும் கலந்து அடிக்க, சீனித்தாய் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

அப்போதுதான் மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்ணை அவள் பார்த்தாள். பேனருக்குப் போட்டோ எடுக்க அழைத்து வந்திருந்தார்கள். செல்வமாரி, செத்துப்போன மாரிச்சாமியின் பெண்டாட்டி. இருபது வயதுக்கு மேல் சொல்ல முடியாது. வெறும் நெற்றி. அவளுக்கு ஒரு டம்ளர் கலர் சோடா கொடுத்திருந்தார்கள். குடிக்காமல் பிடித்தபடி, சுவரோரம் கிடந்த காயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சீனித்தாய் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“சாப்பிட்டியா தாயி?”

அந்தப் பெண் தலையாட்டினாள். பிறகு வேறு யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள். “பெரியம்மா, பெட்டியத் திறக்க விடல.”

“எந்தப் பெட்டி?”

“அவிய வந்த பெட்டி. கொடி போத்திக் கொண்டாந்தாவ. மொகத்தை ஒரு தரம் பாக்கேன்னு காலப் பிடிச்சேன். ஆபீசர் வேண்டாம்மா வேண்டாம்மான்னு கையெடுத்துக் கும்பிடுதாவ. எங்க மாமனாரத் தனியாக் கூப்பிட்டு என்னமோ சொன்னாவ. அன்னையிலருந்து மாமனார் எம்மூஞ்சிய நேராப் பாக்கல. மொகம்னு ஒண்ணு இருந்துச்சா பெரியம்மா? நீங்க பாடுனீங்கள்லா... அப்பிடியா இருக்கும்?”

சீனித்தாய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் போட்டோகிராபர் வந்து, “அம்மா, கொஞ்சம் கண்ணீரோட இருந்தா நல்லாருக்கும்” என்று செல்வமாரியைக் கூட்டிப்போனார்.

பஸ்ஸில் வீட்டுக்கு வரும்வரை சீனித்தாய் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். வாய்க்குள் ஏதோ அழுகினதை வைத்திருப்பது போலவே இருந்தது.

மாடக்கண்ணு ஓடைக்கரையில் ஆடுகளை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். அவள் நேரே அங்கே போனாள்.

“நான் ஒண்ணு கேக்கேன். மறைக்காமச் சொல்லணும். அன்னைக்கு ஆபீஸ்ல வாந்தி எடுத்தீங்களே. நான் நாலு பேரு முன்னால பாடுனதுக்கா?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “அதுக்கு எதுக்கு வாந்தி எடுக்கணும்?”

“பொறவு?”

அவர் ஒரு குச்சியால் தரையைக் கீறிக்கொண்டிருந்தார். பிறகு சொல்லத் தொடங்கினார்.

“அங்கனயும் பனைமரம் உண்டு. நம்ம ஊரு மாதிரியே ஆத்தோரமா நிக்கும். ஒரு கிராமம். ரெண்டு பக்கமும் குண்டு போட்டு ஓஞ்சதுக்கு அப்புறம் எங்க செக்சன சுத்தம் பண்ண அனுப்புனாவ. ஆளுகளப் பொறுக்கிச் சேத்துப் புதைக்கணும். முழுசா இருந்தவன் கொஞ்சம். மீதியக் கூடையில அள்ளுனோம். நம்மாளு எது, அவன் எதுன்னு தெரியல. குழி வெட்டி, கூடையக் கவுப்போம். அப்ப ஒரு சத்தம் வரும்.”

குச்சியைத் தூக்கி எறிந்தார்.

“நீ பாடுனியே, அதே சத்தம். அச்சு அசலா. இவளுக்கு எப்பிடித் தெரிஞ்சுதுன்னு எனக்குத் திக்குனு ஆயிருச்சு. அதுக்கு நீங்க எல்லாரும் சிரிச்சுக்கிட்டு நிக்கிய.”

“எங்களுக்கு என்ன தெரியும்?” என்றாள்.

“தெரியாதுதான்.”

“எம்மேல அருவருப்பா இருந்துச்சா?”

அவர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் அதை நம்பவும் தயாராக இருந்தாள்.

“இருந்துச்சு” என்றார். “ரொம்ப நாளு. நீ சோத்தப் போட்டுட்டு எதுக்க உக்காந்தா எனக்கு எறங்காது. எங்கையப் பாத்தாலும் அப்பிடித்தான். அத ஒங்கிட்ட எப்பிடிச் சொல்ல?”

சீனித்தாய் அங்கேயே மண்ணில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் அவரைப் பொறாமைக்காரர் என்று நினைத்திருந்தாள். தண்ணீர் கொடுக்கும்போது அவர் கை ஒதுங்கியது, பனம்பழக் காலத்தில் தோப்புப் பக்கம் போகாமல் சுற்றிப் போனது, எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஆடுகள் ஓடையைத் தாண்டிப் போய்விட்டன. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் கோவில்பட்டிக்குப் போனாள். போகாவிட்டால் அந்தப் பெண் தனியாக அந்த மேடையில் உட்கார்ந்திருப்பாள் என்பதுதான் காரணம். பள்ளிக்கூட மைதானம் நிரம்பியிருந்தது. மிட்டாய் வண்டி, பலூன், சுண்டல். இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு நின்றன. பேனரில் மாரிச்சாமியின் படத்தைவிடத் தங்கப்பாண்டியனின் படம் பெரிதாக இருந்தது. மேடையின் ஒரு ஓரத்தில் புதுத் தையல் மெஷினுக்கு மாலை போட்டு வைத்திருந்தார்கள். அதை ஒட்டிய நாற்காலியில் செல்வமாரி இருந்தாள். பேச வந்த ஒவ்வொருவரும் அவளை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டச் சொன்னார்கள். அவள் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள்.

சீனித்தாய் மேடைக்குப் பின்னால் போய்த் தங்கப்பாண்டியனைப் பிடித்தாள்.

“மொதலாளி, அந்தப் பாட்டு வேண்டாம். நான் பாட மாட்டேன். காயையும் போடச் சொல்லாதீங்க. அந்தப் பிள்ளை பெட்டியத் திறந்து மொகம்கூடப் பாக்கலையாம். அவ முன்னால தலைய உருட்டுனா எப்பிடி?”

“யக்கா, அது எதிரி தலைல்லா?”

“அவளுக்கு எல்லாம் ஒண்ணுதான். கட்டுனவ நான் சொல்லுதேன், அது அசிங்கமான பாட்டு.”

அவர் முகம் சுருங்கியது. “நல்ல நேரத்துல வந்து காலை வாருதீங்களே. நோட்டீஸ்ல போட்டாச்சு. சனத்துக்கு ஒரு உற்சாகம் வேணும்லா?” என்றவர் திரும்பி, “விஜயராஜ், ஆத்தாவுக்கு முடியலையாம். சுகுணாவைப் பாடச் சொல்லு” என்றார்.

சுகுணா நன்றாகப் பாடினாள். அதுதான் கொடுமை. சீனித்தாய்க்கு வராத ஏற்ற இறக்கமெல்லாம் அவள் குரலில் வந்தது. ‘மாரிச்சாமி வச்ச குறி’ என்றபோது விசில் பறந்தது. ‘தொப்பு’ என்றதும் கீபோர்டில் ஒரு சத்தம், மேலே கட்டியிருந்த வலையிலிருந்து இரண்டு பனங்காய். மைதானமே ‘தொப்பு தொப்பு’ என்று சேர்ந்து கத்தியது. தோளில் பிள்ளையை வைத்திருந்தவர்கள், சுண்டல் தின்றுகொண்டிருந்தவர்கள், எல்லோரும். எல்லா முகத்திலும் சந்தோஷம். அந்தச் சந்தோஷம் சீனித்தாய்க்குத் தெரிந்ததுதான். ஆபீஸில் அவளுக்கும் அதே சந்தோஷம்தான் இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்கத் தன் உடம்பையே கழற்றி எங்காவது எறிந்துவிடலாம் போலிருந்தது.

காய்கள் மேடையில் உருண்டன. ஒன்று செல்வமாரியின் நாற்காலிப் பக்கம் வந்தது. அவள் இரண்டு காலையும் மேலே தூக்கி, நாற்காலியில் குத்தவைத்து, முழங்காலைக் கட்டிக்கொண்டாள். முன்வரிசையில் யாரோ, “பயப்படாதம்மா, காய்தான்!” என்று கத்த, சிரிப்பு எழுந்தது.

சீனித்தாய் மேடையேறினாள். அந்தக் காயைக் காலால் தள்ளவில்லை. குனிந்து இரண்டு கையாலும் எடுத்து, வரைந்த முகம் தெரியாமல் கவிழ்த்து, தையல் மெஷினுக்குப் பின்னால் வைத்தாள். பிறகு செல்வமாரியின் தோளைத் தொட்டாள்.

“எந்திரி தாயி. வீட்டுக்குப் போவோம்.”

தங்கப்பாண்டியன் ஓடிவந்தார். “மெஷின் குடுக்குத போட்டோ இன்னும் எடுக்கலக்கா.”

“நீங்களே நின்னு எடுத்துக்கிடுங்க” என்றாள் சீனித்தாய்.

பாட்டு நிற்கவில்லை. அவர்கள் இரண்டு பேரும் படியிறங்கிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனபோது சிலர் வழிவிட்டுக் கும்பிட்டார்கள். வாசல்வரை அந்தத் ‘தொப்பு தொப்பு’ பின்னாலேயே வந்தது.

கயத்தாறு பஸ்ஸில் இடம் கிடைத்தது. சாத்தூர் பக்கமிருந்து வந்த லாரிகள் முந்திக்கொண்டு போயின. ஊர் எல்லை தாண்டிய பிறகுதான் செல்வமாரி வாயைத் திறந்தாள்.

“பெரியப்பாவும் சண்டைக்குப் போனாவளாமே?”

“ஆமா.”

“அவியகிட்ட ஒண்ணு கேக்கணும் பெரியம்மா. உசிரு சட்டுனு போயிருமா, இல்ல நேரமாகுமா? யாரும் சொல்ல மாட்டேங்காவ.”

“ஒரு நாள் வா, கேளு” என்றாள் சீனித்தாய். “அவிய பொய் சொல்ல மாட்டாவ.”

செல்வமாரியை அவள் வீட்டில் விட்டுவிட்டு வரும்போது அந்தப் பெண்ணின் மாமியார், விழாவிலிருந்து பாதியில் வந்துவிட்டதற்காகச் சத்தம் போட்டாள். பெரிய மனுஷங்களைப் பகைத்துக்கொண்டோமே என்ற பயம் அவளுக்கு. மெஷின் வரவில்லை. இரண்டு மாதம் கழித்துச் செல்வமாரியின் அண்ணன் நேரே போய் நின்று சண்டை போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தான். கேசட் மட்டும் மறுவாரமே வந்துவிட்டது. கல்யாண வீட்டில், கோயில் கொடையில், கயத்தாறு லாரி ஸ்டாண்டு டீக்கடையில், எங்கும் அதுதான். பஸ்ஸில் தெரிந்தவர்கள் சீனித்தாயைப் பார்த்து, “உங்க பாட்டுதான் ஓடுது!” என்று பெருமையாகச் சொன்னார்கள். அவள் சன்னல் பக்கம் திரும்பித் துப்பினாள்.

செல்வமாரி புரட்டாசியில் ஒரு நாள் வந்தாள். மாடக்கண்ணு அவளை மரத்தடியில் கட்டிலில் உட்காரவைத்துத் தானும் எதிரே தரையில் உட்கார்ந்தார். அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார். சீனித்தாய் அடுப்படியில் இருந்தாள். அவர் அவ்வளவு நேரம் பேசி அவள் கேட்டதில்லை. செல்வமாரி அழுதாள். பிறகு அவளே எழுந்துவந்து கம்மங்கூழ் வாங்கிக் குடித்தாள். அதற்குப் பிறகும் அவ்வப்போது வந்துபோனாள்.

தீபாவளிக்கு முந்தின வாரம் சீனித்தாய் குருசாமி கடைக்குத் தீப்பெட்டி வாங்கப் போனாள். குருசாமி ஒரு புதுப் பெட்டியை எடுத்து அவள் முன்னால் வைத்து, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். லேபிளில் ஒரு பனைமரம். அதன் கீழே துப்பாக்கியோடு ஒரு பட்டாளத்துக்காரன். அவன் காலடியில் மூன்று காய்கள், கண்ணும் மீசையுமாக.

“தங்கப்பாண்டியன் அண்ணாச்சியோட புது மார்க்கு. உங்க பாட்டுதான சித்தி! கேட்டுக் கேட்டு வாங்கிட்டுப் போறாவ.”

அவள் அதைத் தொடவில்லை.

“வேற குடு” என்றாள்.

“குச்சி நல்லாத்தான் பத்தும் சித்தி. என்ன கொறச்சல்?”

“வேற இருந்தாக் குடு. இல்லன்னா பக்கத்து வீட்டுல நெருப்பு வாங்கிக்கிடுதேன்.”

குருசாமி ஒன்றும் புரியாமல் மேல் பலகையில் கையை விட்டுத் துழாவினான். பின்னால் ஒதுங்கிக் கிடந்த பழைய மார்க்குப் பெட்டி ஒன்று அகப்பட்டது. மழைக்காலத்து ஈரம் ஏறியிருந்தது. அவள் அதை வாங்கி மடியில் செருகிக்கொண்டு நடந்தாள்.